புலி காயுதா, புளி காயுதா? சின்னப் பிள்ளைகளின் கையெழுத்துக்குக் கடிதம்

பங்குனி மாதம் தருமபுரிப் பக்கம் எந்தக் களத்தைப் பார்த்தாலும் புளி காயும். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை, பெங்களூரில் வேலை பார்க்கும் மாமாவுக்கு எழுதுகிறது: "வீட்ல புலி காயுது." பள்ளி நோட்டாக இருந்தால் இதற்கு ஒரு சிவப்புச் சுழி, பக்கத்தில் 'ஐந்து முறை எழுது'. மாமா அப்படிச் செய்யாமல், "புலியா? கட்டித்தானே வச்சிருக்கீங்க? ஆயாவைக் கடிக்கலையே?" என்று ஒரு அட்டை போட்டால் வீடே சிரிக்கும். பிள்ளை அடுத்த முறை ல, ள வரும் இடத்தில் தானே ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தக் கடிதப் பாடு எல்லாம்.

காப்பி நோட்டை யாரும் படிப்பதில்லை, திருத்த மட்டும் செய்கிறார்கள். பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் முதல் வரி அழகாகவும் எட்டாவது வரி கோழி கிளறியது போலவும் இருக்கிறது. கடிதத்தில் அப்படி இல்லை. எங்கோ ஒருவர் உட்கார்ந்து இதைப் படிக்கப் போகிறார், புரியாவிட்டால் கேட்பார். 'அழகா எழுது' என்பதைவிட 'மாமாவுக்குப் புரியணும்' என்பது பிள்ளைக்குப் பிடிபடுகிற அளவுகோல்.

ஆகவே கலர் பேனா, ஸ்டிக்கர், பூப்போட்ட தாள் எல்லாம் பிறகு. முதலில் பதில் போட ஒத்துக்கொண்ட ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். ஒருவர் போதாது, இரண்டு பேர். ஒருவர் கட்டாயம் தாமதிப்பார். ஆறு வயதுப் பிள்ளையின் ஆசை பத்து நாளைக்கு மேல் தாங்காது. அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கிடைத்த மூன்று நாளுக்குள் பதில் போட வேண்டும். எழுத்துகளைச் சேர்த்துக் கிறுக்காமல் தனித்தனியாக, பெரிதாக எழுத வேண்டும். நாலு வரி போதும். பிள்ளை எழுதிய ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பேச வேண்டும். புரியாத சொல் இருந்தால், ஒன்றே ஒன்றை மட்டும், நிஜமாகவே புரியாதவர்போல் கேட்க வேண்டும். கடைசி வரி கேள்வியாக இருக்க வேண்டும். அந்தக் கேள்விதான் அடுத்த கடிதம்.

எழுதிய கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பக்கமிருந்து உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும், "சூப்பர்டா கண்ணு" என்று. கதை அங்கேயே முடிந்துவிடும். தபால்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்ப்பதும் இதில் ஒரு பகுதி.

எழுதத் தெரியாத ஆயா, அவ்வா என்கிற பாட்டிகள் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அவர்களையும் விட வேண்டாம். ஆயா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதி மாமாவுக்கு அனுப்பலாம். 'ஆயாவுக்காக எழுதுறேன்' என்கிற பெருமையில் கை தானாக நிதானப்படும். தூரத்தில் இருக்கும் ஆயா பதிலுக்கு ஒரு புள்ளிக்கோலம் போட்டு அனுப்பினாலும் போதும். பிள்ளை அதைப் பார்த்துப் போடட்டும். சிக்குக் கோலத்தில் வளைகிற அதே வளைவுகள்தான் ண, ஞ, ஐ எல்லாவற்றிலும் இருக்கின்றன.

பென்சிலுக்கு முன்னால்

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் கடிதம் என்பது படமும் பெயரும்தான். விரலுக்கு வலு வராமல் வரி எழுத வைத்தால் பென்சிலை முஷ்டியில் பிடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. வலு வருவதற்குத் தனியாகப் பொருள் வாங்க வேண்டியதில்லை. நிலக்கடலை உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, துணிக் கிளிப்பைத் திறந்து மூடுவது எல்லாமே பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்குமான வேலை. தாம்பாளத்தில் ராகி மாவை அரை விரல்கடை உயரத்துக்குப் பரப்பி விரலால் எழுதச் சொன்னால் தப்பு தெரியாது. ஒரு தட்டு தட்டினால் அழிந்துவிடும். அழிரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை போடுகிற பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

புதுப் பென்சிலைவிடத் தேய்ந்த பென்சில் நல்லது. ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்தில் துண்டாக இருந்தால் முழுக்கையையும் வைத்துப் பிடிக்க இடமே இருக்காது, மூன்று விரல்தான் பொருந்தும். முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கட்டும். நகம் வெளுத்துப் போகிறதா என்று பாருங்கள், தாளைத் திருப்பித் தடவியும் பாருங்கள். பின்பக்கம் கோடுகள் மேடு மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். அப்படி அழுத்துகிற பிள்ளைக்கு 2பி பென்சில் கொடுத்தால், அழுத்தாமலே கறுப்பாக விழுவதைப் பார்த்து இரண்டு வாரத்தில் கை தளரும். ஆனால் தபாலில் போகும் அட்டைக்கு 2பி ஆகாது, வழியெல்லாம் உரசி மசமசவென்று ஆகிவிடும். பழகுவதற்கு 2பி, அனுப்புவதற்கு எச்பி.

தரையில் சம்மணமிட்டு, மடியில் நோட்டு வைத்து எழுதும்போதுதான் வரி மேலேறுவதும் முதுகு வளைவதும் நடக்கிறது. மேசை இல்லாவிட்டால் ஒரு மணைப்பலகையோ கவிழ்த்த டிரங்குப் பெட்டியோ முழங்கை உயரத்துக்கு இருந்தால் போதும்.

இடது கைப் பிள்ளையை வலது கைக்கு மாற்ற வேண்டாம். சில வீடுகளில் பெரியவர்கள் இன்னும் கையைத் தட்டிவிடுகிறார்கள், அதைத் தடுத்தே ஆக வேண்டும். தாளைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மேல் முனை வலப்பக்கம் சாய்ந்திருக்கும்படி திருப்பி வைத்து, பென்சிலை மூன்று சென்டிமீட்டர் மேலே பிடிக்கச் சொன்னால், எழுதியதைக் கையே மறைத்து அழிப்பது குறையும்.

நாலு எழுத்தில் ஒரு கடிதம்

அ, ஆ என்று வரிசையாகத் தொடங்கினால் முதல் எழுத்தே சுழியும் வளைவுமாகப் பிள்ளையை மிரட்டும். ட, ப, ம என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கலாம். ட-வுக்கு மேலிருந்து கீழே, பிறகு வலப்பக்கம். ப அதையே செய்து மேலே ஏறும். இந்த மூன்றோடு துணைக்காலும் புள்ளியும் தெரிந்தால் மாமா, பாப்பா, படம், பட்டம், பாடம் எல்லாம் வந்துவிடுகின்றன. கூடவே த மட்டும் கற்றுக்கொண்டால்:

மாமா, பட்டம் தா.

இது முழுக் கடிதம். அழைப்பு உண்டு, விஷயம் உண்டு, நோக்கம் உண்டு. மாமா நிஜமாகவே பட்டம் வாங்கி வந்தால், எழுத்துக்கு இவ்வளவு சக்தியா என்று அந்தப் பிள்ளை அன்றைக்குத் தெரிந்துகொள்ளும்.

உகர, ஊகார எழுத்துகளை ஆரம்பத்தில் தவிர்க்க முடிந்தவரை தவிருங்கள். மற்ற வரிசைகளில் ஒரே குறி எல்லா மெய்யோடும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டுகிறது. கு, சு, து, மு, மூ என்று இந்த வரிசை மட்டும் ஆளுக்கொரு கோலம் கட்டும். ஒரு வாரத்துக்கு இரண்டு என்று கடிதத்துக்குத் தேவைப்படும்போது சொல்லிக்கொடுத்தால் போதும்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள் சில. முதலாவது புள்ளி. சொல் முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் புள்ளி வைக்கலாம் என்று போகும் பிள்ளை பாதியை மறந்துவிடும், 'பட்டம்' 'படடம' ஆகிவிடும். மெய்யெழுத்தை எழுதிய கையோடு புள்ளியைக் குத்திவிட்டுத்தான் அடுத்த எழுத்து. (ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது, படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் பிறகு அதையே சாக்காகச் சொல்லும், எச்சரிக்கை.)

இரண்டாவது கொம்பு. 'கெ' என்றால் காதில் 'க்' முதலில் கேட்கிறது, 'எ' பிறகு. கையில் ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது, க பிறகு. இந்த முரணால்தான் பிள்ளைகள் க-வை எழுதிவிட்டு அதற்கு முன்னால் கொம்பைத் திணிக்கப் பார்க்கின்றன. இடம் போதாமல் முந்தைய எழுத்தின் மேல் ஏறிவிடும். 'கொ' வந்தால் இருபக்கமும் இடம் வேண்டும், இன்னும் கஷ்டம். 'கொம்பு, எழுத்து, கால்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவதுதான் மருந்து.

ர-வும் துணைக்காலும் ஒன்றுபோல் ஆகிவிடுவது மூன்றாவது. ர-வின் அடியில் சாய்ந்து இறங்கும் வாலை விட்டுவிட்டால் 'மரம்' யாருக்கும் விளங்காது. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்பதைச் சுழிக்கும்போதே எண்ணச் சொல்லுங்கள். வேகம் பிடித்தால் ண-வுக்கு நாலு சுழிகூட வரும்.

எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை சாதாரணம், பயப்பட வேண்டாம். எட்டு வயது தாண்டியும் தொடர்ந்து, படிப்பதும் திணறலாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பார்ப்பது நல்லது. அதை அடித்துத் திருத்த முடியாது.

அட்டையை எடுத்து வைத்தபின்

அஞ்சலட்டை 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரம், விலை 50 காசு. நாலைந்து கெட்டுப்போனாலும் கவலை இல்லாத விலை, எனவே பத்தாக வாங்கி வையுங்கள். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் சில சமயம் இருப்பு இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி தலைமை அஞ்சலகத்துக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டால் 12-க்கு 7 சென்டிமீட்டர் இடம் இருக்கும். 1.4 சென்டிமீட்டர் இடைவெளியில் ஸ்கேல் வைத்து மெல்லிய கோடு போட்டால் சரியாக ஐந்து வரி. ஆறு வயதுக் கை ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும். ஆக வரிக்குப் பத்து எழுத்து, அட்டைக்கு ஐம்பது, சொல்லாகப் பார்த்தால் பன்னிரண்டு, பதினைந்து. இந்தக் கணக்கு தெரியாமல் 'பெரிய கடிதமா எழுது' என்று உட்கார வைத்தால் கடைசி இரண்டு வரி எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகும். கோட்டை அழிக்க வேண்டாம். அழிக்கப் போய் எழுத்தும் அழிந்து அழுகை வரும்.

ஐம்பது எழுத்துதான் என்பதால் பள்ளியில் சொல்லித்தரும் 'நலம், நலமறிய ஆவல்' இங்கே ஆடம்பரம். அதை எழுதி முடிப்பதற்குள் ஒரு வரி போய்விடும், பிள்ளைக்கும் சலித்துவிடும். 'ஆயா,' என்று கூப்பிட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வரட்டும். பேச்சுத் தமிழில் எழுதினால் விடுங்கள். 'அப்பா எப்ப வருவ' என்பதை 'எப்பொழுது வருவீர்கள்' என்று மாற்றினால் எழுத்தும் கூடும், அப்பாவும் காணாமல் போவார். இலக்கணத்துக்குப் பள்ளி நோட்டு இருக்கிறது.

வரி முடியும் இடத்தைக் கவனியுங்கள். 'ஞாயித்துக்கிழமை' எட்டு எழுத்துதான், ஆனால் ஞா-வும் மை-யும் அகலம். பாதி வரியில் தொடங்கினால் ஓரத்தில் நெருக்கியடிக்கும். தமிழில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரிக்குப் போகலாம். ஆனால் கொம்பு இந்த வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் நிற்கக் கூடாது, புள்ளி எழுத்தில் வரி தொடங்கவும் கூடாது. இந்த இரண்டு விதியைச் சொன்னால் போதும்.

தப்பு எத்தனை இருந்தாலும் அனுப்பும் முன் ஒன்றை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அதுவும் படிப்பவருக்கு விளங்காமல் போகும் ஒன்றாக இருக்கட்டும். மற்றதை மாமா பார்த்துக்கொள்வார். பெரியவர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுவதும், மேலே பேனாவால் ஓட்டுவதும் வேண்டாம். பத்து நிமிடம் தாண்டினால் ஆறு வயதுக் கை வலிக்கும், மீதியை நாளைக்கு எழுதலாம். ஏழெட்டு வயதில் இருபது நிமிடம் வரை போகும்.

முகவரியைப் பெரியவர் பந்துமுனைப் பேனாவால் எழுதிவிடலாம், ஆனால் பின்கோடு பிள்ளையுடையது. ஆறு கட்டம், ஆறு எண். எழுத்துப் பயிற்சிக்கு இதைவிட நல்ல சதுரம் கிடையாது. தருமபுரி 636701, கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109. 6-ஐத் தலைகீழாகப் போடும் பிள்ளைகள் அதிகம். 636-இன் கடைசி 6 புரண்டு 639 ஆனால் அது கரூர்ப் பக்கம். கடிதம் ஊர் சுற்றும் என்று சொன்னாலே கை திருந்தும். 6-இல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளம், 5-இல் தொடங்கினால் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்பதும் ஒரு விளையாட்டுக்கு ஆகும். பெங்களூருக்குப் போகும் அட்டையில் முகவரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அங்கே பட்டுவாடா செய்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அனுப்புநர் முகவரியும் இருக்கட்டும்.

கொஞ்சம் பழகியபின் இன்லண்டு கடிதத்துக்குப் போகலாம். அதற்குள் வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது அஞ்சல் விதி. பூ, இலை, ஸ்டிக்கர் என்று பிள்ளை எதையாவது வைக்கத்தான் பார்க்கும். அதற்கு உறை இருக்கிறது. காசு மட்டும் எதிலும் வேண்டாம். இன்லண்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் எழுதாமல் விட வேண்டும். ஒட்டும்போது பசை உள்ளே பரவும், பிரிப்பவர் கிழிக்கும்போது பிள்ளை எழுதிய கடைசிச் சொல்லும் சேர்ந்து கிழியும்.

எதை எழுதுவது

'எதையாவது எழுது' என்றால் எதுவும் வராது. 'வீட்டுத் தோத்தாபுரி மாமரத்துல எத்தனை காய்? பெருசு எத்தனை சென்டிமீட்டர்?' என்று கேட்டால் ஓடிப்போய் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு வரும். தை மாதத்தில் எருது விடும் விழா, மாசியில் மாம்பூ, கோடையில் செந்தூரா முதலில் பழுத்ததா பங்கனப்பள்ளியா என்ற சண்டை, ஆடியில் ஒகேனக்கல்லில் தண்ணீர் எத்தனை கன அடி என்ற செய்தி. எண்ணிச் சொல்லவும் அளந்து சொல்லவும் பட்டியல் போடவும் ஏதாவது இருந்தால் பிள்ளை திணறாது. 'ஊருக்கு வரும்போது வாங்கி வர வேண்டியவை' என்ற பட்டியலைச் சலிக்காமல் எழுதாத பிள்ளை கிடையாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் தமிழில் எழுதத் தயங்கும். வீட்டில் பேசுகிற தெலுங்கை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி அவ்வாவுக்கு வாசித்துக் காட்டட்டும். பழகுவது கை, கைக்கு எந்த மொழி என்ற கவலை இல்லை.

1978-க்கு முன் எழுதப் பழகிய தாத்தாக்கள் இன்னும் லை, னை, ணை எழுத்துகளுக்கு முன்னால் யானைத் துதிக்கைபோல் வளைத்துப் போடுவார்கள். றா, ணா, னா-வையும் வேறு மாதிரி சுழிப்பார்கள். அந்த ஆண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய எழுத்துகள் மொத்தம் பதின்மூன்று. தாத்தாவின் கடிதத்தில் இதைக் கண்டால் 'தப்பா எழுதியிருக்கார்' என்று பிள்ளை சொல்லும். திருத்த வேண்டாம், 'நீயே கேட்டு எழுது' என்று விடுங்கள். ரகசிய எழுத்து கிடைத்தது மாதிரி அடுத்த ஒரு மாதம் ஓடும். லீவு நாளில் தருமபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் நடுகற்களில் வெட்டியிருக்கும் எழுத்தைக் காட்டினால், தாத்தாவுக்கும் தாத்தா எப்படி எழுதினார் என்று தெரிந்துகொள்ளும்.

வகுப்பில் செய்வதானால் பால் அட்டைப் பெட்டியில் வாய் வெட்டி, சிவப்புத் தாள் ஒட்டினால் தபால்பெட்டி தயார். வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் பட்டுவாடா. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டால் இரண்டு பேருக்கு எட்டுக் கடிதமும் நாலு பேருக்கு ஒன்றுமில்லாமலும் போகும். வியாழன் மாலை பெட்டியைத் திறந்து பார்த்து, வராத பிள்ளைகளுக்கு ஆசிரியரே இரண்டு வரி எழுதிப் போட்டுவிட வேண்டும். மதிப்பெண் போடக் கூடாது. போட்ட வாரத்தோடு பெட்டி காலியாகும்.

மூன்றாவது மாதம் வாக்கில் ஆர்வம் சப்பென்று இறங்கும், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வாரம் ஒன்று என்பதை மாதம் இரண்டாக்குங்கள், ஆளை மாற்றுங்கள். அஞ்சல் துறையின் கடிதப் போட்டிக்கு எழுதச் சொல்லலாம் என்று தோன்றும். எட்டு வயதுக்குள் வேண்டாம், போட்டி என்றதும் பெற்றோரின் வாசகம் உள்ளே நுழைந்துவிடும்.

அனுப்பும் ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் பிள்ளை கையாலேயே தேதி போடச் சொல்லி, தபாலில் போடும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாமாவிடமும் அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அடுத்த பங்குனியில் புளி காயும்போது எடுத்துப் பார்க்க அந்தப் பழைய 'புலி' வேண்டும்.